நான் கூப்பிட்ட அம்மா

முதல்ல முதுகு வலிச்சுது. மலையேறி வந்த அலுப்புன்னு விட்டுட்டேன். மறுநாள் காய்ச்சல். அதுக்கு மறுநாள் சட்டையக் கழட்டிப் பாக்கறேன், நெஞ்சுல நாலு நீர்க்கொப்புளம். முத்து மாதிரி பளபளன்னு அழகா வேற இருந்துச்சு, சனியன்.

அம்மை போட்டுப் படுத்திருக்கறவன் எவனாவது இதப் படிச்சா, உனக்குத்தான் டைப் அடிக்கிறேன். புதுத்தோல்ல கீ குத்துது, அதனால தப்பு இருந்தா கண்டுக்காத.

எங்கப்பாவுக்கு வாணியம்பாடில டேனரி. தோல் பதம்பண்ண கடுக்காய் வேணும். ஜவ்வாது மலைல கடுக்காய் பாக்க வந்து, ஏழுமலையோட அக்கா வூட்ல தங்கினேன். கூட வந்த ஏழுமலை என் காலேஜ் தோஸ்து. ஹாஸ்டல்ல ஒரே ரூம். சாமி பூதம் எல்லாம் பொய்யின்னு டேபிள் மேல ஏறி நின்னு பேசற ஆளு. என் தொழுகையக் கூட, "இன்னாடா அன்வரு, எக்ஸர்சைஸ் முடிஞ்சுதா?"ன்னு கிண்டல் பண்ணுவான்.

கொப்புளம் பாத்ததும் அக்கா வாசல்ல வேப்பிலை சொருகினாங்க. எட்டிப் பாத்தவங்க கிட்ட, "யாரும் உள்ள வராதீங்க, அம்மா வந்திருக்காங்க"ன்னாங்க.

அம்மைய அம்மான்னு சொல்றது எனக்குத் தெரியாதா? எங்க தெருவுலயும் அப்படித்தான். ஆனா கொதிக்கிற காய்ச்சல்ல மூளை எங்க வேலை செய்யுது! வாணியம்பாடிலேருந்து எங்கம்மாவே வந்துட்டாங்கன்னு எழுந்து உக்காந்துட்டேன். எங்க வூட்ல உருதுதான், ஆனா அம்மாவ அங்கயும் அம்மான்னுதான் கூப்புடுவோம். ரெண்டு கையும் நீட்டி "அம்மா! அம்மா!"ன்னு கத்தியிருக்கேன்.

அக்கா கன்னத்துல போட்டுக்கினாங்களாம். "சாயபு வூட்டுப் புள்ள, அவனே ஆத்தாவக் கூப்புடறான் பாருடா!"

அன்னைலேருந்து எனக்கு ராஜ மரியாதை. வேப்பிலைப் படுக்கை, எளனி, கூழு. வூட்ல தாளிக்கறது நின்னுபோச்சு. அக்கா புருஷன் கறி ஆசைய அடக்கிக்கினு மோரு சோறு தின்னாரு. நான் படுத்துக்கினே உதட்ட மட்டும் அசைச்சுத் தொழுவேன். முடியாதவன் அப்படித் தொழலாம், எங்க மார்க்கத்துல எடம் இருக்கு. அக்கா அதப் பாத்துட்டு, "ஆத்தா கூட பேசறான், சத்தம் போடாதீங்க"ன்னாங்க.

காய்ச்சல் கொறைஞ்சப்பதான், நான் ஆத்தாவக் கூப்புட்டதா இவங்க நெனைக்கறது எனக்குப் புரிஞ்சுது. வாயத் தொறக்கல. இத்தினி செய்யறவங்க கிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒரு பக்கம். சொன்னா கூழு நின்னுருமோன்னு இன்னொரு பக்கம். நெஜத்த எழுதணும்ல?

வாரத்துக்கு ஒருக்கா ஜீப்புல வர்ற டாக்டர் நிலைப்படில நின்னே பாத்தாரு. "சின்னம்மைதான் (நீர்க்கொப்புளம் போட்டுத் தொத்தற காய்ச்சல்). பெரியம்மை இல்ல, பயப்படாத. வளந்தவனுக்கு வந்தா கொஞ்சம் முரட்டுத்தனமாத்தான் வரும். பொருக்கு (கொப்புளம் காஞ்ச தோல்) உதுர்ற வரைக்கும் மலைய விட்டு எறங்காத. சொறியாத."

சொறியல. நெத்தில ஒண்ணே ஒண்ணுதான் கை மீறிடுச்சு. அது சீழ் புடிச்சு, ஆழமா ஆறுச்சு. அரிப்பு தாங்கலன்னா வேப்பங்கொத்தால நீவு. கேலி பண்ணாத, அரிப்பு அடங்கும்.

ஒம்பதாம் நாளு மஞ்சளும் வேப்பிலையும் போட்டுக் காய்ச்சின தண்ணிய தலைக்கு ஊத்தினாங்க. வெயில்ல உக்காந்திருந்தேன். ஏழுமலை பக்கத்துல வந்து உக்காந்தான்.

"மச்சான், படவேட்டு அம்மனுக்கு உன் பேர்ல வேண்டிக்கினு இருக்கேன். நீ வேப்பிலை கட்டிக்கினு கோயிலச் சுத்தணும்."

சிரிப்பான்னு பாத்தேன். சிரிக்கல. சரின்னு தலையாட்டியிருந்தா வேலை முடிஞ்சுது. இவன் போய்ட்டா எனக்கு வேற தோஸ்து கெடையாது.

"ஏழுமல, நான் கட்ட மாட்டேன்டா. நான் தொழறது ஒருத்தன மட்டுந்தான். அன்னைக்கு நான் கூப்புட்டது உங்க ஆத்தாவ இல்ல. எங்கம்மாவ. வாணியம்பாடி அம்மாவ."

அவன் மூஞ்சி சுண்டிப்போச்சு. "அப்ப இத்தினி நாளு நடிச்சியா? அக்கா உன்ன சாமி மாதிரி பாத்துக்கினு இருக்குது!"

"கூழு குடிச்சது நடிப்பு இல்ல. பேசாம இருந்தது தப்பு. அதான் இப்ப சொல்றேன்."

எழுந்து போய்ட்டான். ரெண்டு நாளு பேச்சு இல்ல. கூழ மட்டும் கொணாந்து டொக்குன்னு வெச்சுட்டுப் போவான்.

மூணாம் நாளு கூழு வெச்சவன் நகரல. தரையப் பாத்துக்கினே சொன்னான். "உன் மேல கோவம் இல்லடா. என் மேலதான். டேபிள் மேல ஏறி சாமி இல்லன்னு பேசினவன் நான். உனக்குக் கொப்புளம் போட்டதும் மொதல்ல வேண்டிக்கினது அக்கா இல்ல, நானு. எனக்கு நம்பிக்கை இருக்குது. காலேஜ்ல சொல்ல வெக்கம். அதான் உன் பேர்ல வேண்டிக்கினேன்."

அடுப்படிலேருந்து அக்கா குரல் வந்துச்சு. எல்லாத்தையும் கேட்டுக்கினுதான் இருந்திருக்காங்க.

"டேய் ஏழுமல! வேண்டிக்கினது உன் வாயி. வேப்பிலை கட்ட மட்டும் அவன் இடுப்பா? நீயே கட்டிக்கினு சுத்துடா!"

நான் சிரிச்ச சிரிப்புல ரெண்டு பொருக்கு உதுந்துச்சு.

"அக்கா, உங்களுக்குக் கோவம் இல்லியா?"

"பெத்தவளக் கூப்புட்டதுக்கு எவளாவது கோச்சுக்குவாளா? போ தம்பி, கூழு ஆறுது."

இந்த ரெண்டு பேரு எனக்குச் சொந்தம்னு எந்த மேடைலயும் ஏறிச் சொல்லுவேன்.

பொருக்கு எல்லாம் உதுந்த அன்னைக்கு டாக்டரும் சரின்னுட்டாரு. மதியம் கடுக்காய் லாரி அடிவாரத்துல இருக்கற சந்தவாசலுக்கு எறங்குது. அதே லாரில ஏழுமலை படவேட்டுக்கு வேப்பிலை கட்டப் போறான், நான் வூட்டுக்கு. கெளம்பறதுக்கு முன்னாடி அந்த வூட்ல மொதல் தடவையா எழுந்து நின்னு தொழணும்னு கேட்டேன். அக்கா மூட்டைய நகத்தி எடம் பெருக்கிக் குடுத்தாங்க. எந்தப் பக்கம், எத்தினி நேரம், நடுவுல பேசலாமா, எல்லாம் கேட்டுக்கினாங்க.

முன்னாடியெல்லாம் அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டு ஓடறவன் நானு. இப்ப குனிய ஒரு நேரம், நிமிர ஒரு நேரம். நெத்திய தரைல வெச்சேன். சரியா அந்த ஆழமான வடு பட்டுச்சு. சுரீர்னுது. இந்த உடம்பு என்னுதுன்னு அப்பத்தான் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. அவசரமே வரல.

வெளிய ஆரன் அடிச்சாங்க. ஏழுமலை கத்தறான், "அன்வரு! லாரி பொறப்படுது, முடிச்சியா இல்லியா?"

"கத்தாதடா, அவன் நடுவுல பேசக்கூடாது"ன்னாங்க அக்கா. "டிரைவர நிக்கச் சொல்லு."

நின்னு குனிஞ்சு நெத்திய வெக்கற சுத்து, அதான் ரக்அத், இன்னும் ரெண்டு பாக்கி. நிதானமாத் தொழுதேன். லாரி நின்னுச்சு.