பூட்டிய அறைக்குள் கேட்டது

இரண்டாயிரங்களில் நான் ஒஸ்லோவில் பல் வைத்தியராக இருந்தேன். மாதம் ஒருமுறை ஆறு பல் வைத்தியர்கள் கதவைச் சாத்திக்கொண்டு கூடுவோம். அவரவர் செய்த பிழையை அவரவரே சொல்ல வேண்டும். நோயாளியின் பெயர் வராது. அங்கே கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்தும் வைத்திருந்தோம். அந்தப் பூட்டு இல்லாவிட்டால் ஒருவரும் வாயைத் திறக்கமாட்டோம். எங்கள் வீரம் அவ்வளவுதான்.

ஒருநாள், ஒஸ்லோவுக்குப் பக்கத்து ஊரான லில்லெஸ்ட்ரோமில் வேலை செய்த ஒருவர் எக்ஸ்ரே படமொன்றை மேசையில் வைத்தார். கடைவாய்ப் பல் எடுக்கும்போது கருவி நரம்பில் பட்டுவிட்டதாம்.

"படத்தில் நரம்பு தெளிவாகத் தெரிந்தது. அவசரத்தில் நான்தான் பார்க்கவில்லை. அந்த அம்மா துள்ளினார். சரியா என்று கேட்டேன், சரி என்றார். தொடர்ந்தேன்."

மனிதர் அழுதார். மனம்விட்டுச் சொன்னதற்கு நன்றி என்று முதலில் சொன்னவள் நான்.

சில வாரங்கள் கழித்து, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளை விட்டுவிட்டு நானும் என் சிநேகிதியும் சாப்பிட உட்கார்ந்தோம். இந்த ஊரில் நான் அக்கா என்று உரிமையோடு கூப்பிட்டது அவரை மட்டும்தான். அவர் சாப்பாட்டைத் தொடாமல் கீழ் உதட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கீழ்ச் சொண்டு விறைச்சுப்போச்சு. சோறு ஒட்டினாலும் தெரியுதில்லை. ஆக்களுக்கு முன்னாலை சாப்பிட வெக்கமாக் கிடக்கு. லில்லெஸ்ட்ரோமிலை பல்லுப் புடுங்கேக்கை கரண்ட் அடிச்ச மாதிரி இருந்தது. டொக்டர் சரியோ எண்டு கேட்டவர். நான் ஓம் எண்டிட்டன். நோகுது எண்டிருந்தா நிப்பாட்டியிருப்பார். எல்லாம் என்ரை பிழை."

மேசையில் கிடந்த அந்த எக்ஸ்ரே படம் என் கண்முன் வந்தது. எங்கள் சனத்தின் இந்த ஓமைத் தினமும் கேட்பவள் நான். கண்ணால் நீர் வழியும், வாய் ஓம் என்னும். டொக்டரிடம் இல்லை என்பது மரியாதைக் குறைவாம்! சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் இருந்தேன்.

"முறைப்பாடு எழுதுங்கோ அக்கா. உங்கடை எக்ஸ்ரே படத்தையும் பதிவுகளையும் கேட்டு எடுங்கோ."

"உமக்கென்ன விசரே? நானே ஓம் எண்டுபோட்டு, அந்த மனுசனை வம்பிலை மாட்டுறதே?"

"உங்கடை பிழை இல்லை அக்கா." என் குரல் உடைந்தது.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு ஆறுதல் சொல்வதுபோல் மெல்லக் கேட்டார்.

"நீர் அங்கை நிண்டனீரே? உமக்கென்ன தெரியும்?"

"தெரியாது அக்கா," என்றேன்.