மூன்றாவது மெழுகு

கல்கத்தாவில் நான் முதன்முதலாகக் கிராமபோன் பிளேட் கொடுத்த அன்று, பாட்டைவிட விதிமுறைகள்தான் அதிகம் இருந்தன. சௌரங்கி பக்கம் ஒரு வாடகை அறை. மெழுகுத் தட்டு இறுகக் கூடாதென்று ஜன்னலை அடைத்திருந்தார்கள். சத்தம் பதியுமென்று பங்காவையும் நிறுத்திவிட்டார்கள். தகரக் குழலுக்குள் முகத்தை நீட்டி மூன்று நிமிஷம் பாட வேண்டும். மேல் ஸ்தாயியில் பின்வாங்க வேண்டும், கீழ் ஸ்தாயியில் முன்னால் நகர வேண்டும். மறந்தால் பதிவு செய்யும் துரை அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுப்பார். வித்வானுக்கு இவ்வளவு மரியாதை எந்தக் கச்சேரியிலும் கிடைத்ததில்லை.

எனக்கு அந்தப் பிளேட் அவசியம். பவானிபூர் தமிழ்க் குடும்பங்களில் பாட்டு வாத்தியாராக நுழைய வேறு சிபாரிசு கிடையாது. துரை ஒதுக்கியது மூன்று மெழுகு, அதாவது மூன்றே முயற்சி. அடுத்த பாடகர் வெளியே காத்திருந்தார்.

வயலின், பஞ்சு அண்ணா. வயலின் பதிய வேண்டுமென்றால் குழலை ஒட்டி உட்கார வேண்டும். ஆகவே அவர் வாயும் குழலை ஒட்டியே இருந்தது. அனுபல்லவியில் ஒரு சங்கதி நன்றாக விழுந்ததும், "பேஷ்!" என்றார். ஊசி துள்ளி மெழுகைக் கீறியது.

"அண்ணா, வாயைத் திறக்கப்படாது."

"நான் எங்கேடா திறந்தேன்? தானா வந்துடுத்து."

இரண்டாவது மெழுகும் அதே இடத்தில் போயிற்று. துரையின் குமாஸ்தா ஹரிபாபு இந்துஸ்தானியில் கேட்டார்: "பண்டிட்ஜி, இவரை உங்கள் எதிரி யாராவது அனுப்பினாரா?"

ஆறு வெற்றிலையை மடித்து நானே அண்ணாவின் வாயில் அடைத்தேன். "துப்பினேளோ, நம்ம ரெண்டு பேருக்கும் இதுதான் கடைசிப் பாட்டு."

மூன்றாவது மெழுகு. அதே சங்கதி, முன்னைவிட நன்றாக விழுந்தது. பேஷ் இல்லை. அண்ணா கன்னம் உப்ப என்னைப் பார்த்தார். தப்பாகப் பாடிவிட்டோமோ என்று சந்தேகம் தட்டியது, குரல் மெலிந்தது. நிறுத்தினால் பவானிபூர் போச்சு. கண்ணை மூடிக்கொண்டேன். யார் சொல்லுக்கும் காத்திராமல் முடிவுவரை பாடினேன்.

பிளேட் வந்ததும் பவானிபூரில் ஒரு பாங்க் அதிகாரி வீட்டில் போட்டுக் கேட்டார்கள். வீட்டு மாமி சொன்னார்: "நன்னாத்தான் இருக்கு. நடுவுல ஒரு இடத்துல மட்டும் யாரையோ கேட்டுண்டு பாடறாப்பல இருக்கே?"

ஆனாலும் மகளை என்னிடம் பாட்டுக்கு அனுப்பினார். அந்தத் தெருவும் பின்னாலேயே வந்தது.

வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை, பாட்டின் நடுவில் நான் யாருக்கும் பேஷ் சொன்னதில்லை. முடிந்தபிறகு சொல்வேன், தகுந்தால். கல் மனசுக்காரர் என்று பெயர் வந்தது, நான் ஆட்சேபிக்கவில்லை. என் மாணவிகள் பாடும்போது யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

பஞ்சு அண்ணா வகுப்புக்கு வந்தால் மட்டும், வாசலிலேயே வெற்றிலைத் தட்டை நீட்டிவிடுவேன்.