சித்தப்பாவுக்காக ஏறிய மரம்

எங்கள் வீட்டுத் தெற்கு வளவில் நின்ற மாமரத்தை வெட்டினால் அன்றைக்கே என் சித்தப்பா இறந்துபோவார் என்று ஒன்பது வயதில் நான் நம்பினேன். ஏதோ அரைகுறையாக அல்ல, முழுசாக. பெருக்கல் வாய்ப்பாட்டைக்கூட நான் அவ்வளவு உறுதியாக நம்பியது கிடையாது.

இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் ஓர் அமெரிக்க நாவல் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கே சிரிப்பு அடங்க வெகுகாலம் ஆயிற்று.

சித்தப்பா பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். நாகர்கோவிலிலிருந்து புத்தகம் வாங்கிவந்து, சாயங்காலங்களில் பெஞ்சில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சித்திக்குத் தமிழில் கதை சொல்வார். சித்தி முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்பாள். காம்பு பொறுக்கித் தருகிற சாக்கில் நானும் கேட்பேன்.

அந்தத் தடவை வந்தது ஒல்லியான புத்தகம். அதில் ஓர் ஊர், அங்கே நோயாளி இருக்கிற ஒரு வீடு, அதன்மேல் ஓயாமல் பனி கொட்டுகிறது. பனி என்றால் நான் அறிந்தது மார்கழி விடியலில் வரப்புப் புல்லில் காலை நனைக்கிற சமாசாரம்தான். இது முழங்கால் ஆழம் என்றார் சித்தப்பா. உப்பளத்தில் குவித்து வைத்திருக்கிற உப்பையெல்லாம் வாரி ஊர் முழுக்கப் பரப்பியதுபோல மனதில் வரைந்துகொண்டேன்.

"இந்தக் குளிருல அவனுவ எப்பிடிக் குளிப்பானுவ?" என்றாள் சித்தி.

"குளிக்க மாட்டானுவ."

"அதாக்கும் அந்த வீடு வெளங்காமப் போச்சு."

சித்தியைப் பொறுத்தவரை நாவல் அங்கேயே முடிந்துவிட்டது. சித்தப்பா விடவில்லை. "ஏட்டி, கதையை விடு, எடத்தைப் பாரு. பனி வெளிய மட்டுமா கெடக்கு? அந்த வீட்டு மனுசங்க வாயிலயும் கெடக்கு. ஒருத்தரோட ஒருத்தர் பேச மாட்டாவ. நடக்கப்போறதை ஆளு சொல்லுகதுக்கு முந்தி எடம் சொல்லிரும். பாக்கத் தெரியணும்."

பார்க்கத் தெரிந்த ஒருவன் கீரைத் தட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறான் என்பது அவருக்குத் தெரியாது. மறுநாளே எங்கள் வீட்டைப் படிக்கத் தொடங்கினேன்.

படிக்க நிறைய இருந்தது. அப்பாவும் சித்தப்பாவும் கொஞ்ச காலமாக நேரில் பேசிக்கொள்வதில்லை. உரம் வந்ததா என்று அப்பா என் முகத்தைப் பார்த்துக் கேட்பார். வந்தது என்று சித்தப்பாவும் என் முகத்தைப் பார்த்தே சொல்வார். நடுவில் நான் தபால் பெட்டிபோல நிற்பேன். அடுக்களையில் இரண்டு உலை கொதித்தது, அம்மாவுடையது ஒரு மூலையில், சித்தியுடையது எதிர் மூலையில். சித்தப்பாவுக்குத் தனிச் சோறு. நோயாளிக்குத்தான் தனிச் சோறு சமைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். போதாததற்கு அவர் இருமவும் செய்தார். வருஷக்கணக்கில் சாக்பீஸ் தூளைச் சுவாசிக்கிற மனிதர் இருமாமல் பாடவா செய்வார்? இப்போது இப்படிக் கேட்கத் தெரிகிறது. அப்போது எனக்கு அந்த இருமல் பனி கொட்டும் ஊரிலிருந்து நேராக வந்தது.

அப்புறம் கொத்தனார் வந்தார். அடுக்களைச் சுவரிலிருந்து தெற்கு வேலிவரை நூல் பிடித்தார். ஒரு நுனியில் அப்பா, மறு நுனியில் சித்தப்பா. நூல் மாமரத்தில் போய் முட்டியது. மரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்தார் கொத்தனார்.

"நாளைக்கு இதைத் தறிச்சிரலாம்," என்றார் அப்பா. என்னிடமும் இல்லை, சித்தப்பாவிடமும் இல்லை, மரத்திடம் சொன்னார். சித்தப்பாவும் மரத்தைப் பார்த்தே தலையாட்டினார்.

நாங்கள் திருவிதாங்கூர்க் கொச்சியிலேயே இருப்பதா, மதராஸோடு சேர்வதா என்று ஊரே சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. முடிவெட்டுகிற கடையில் பாதித் தலையோடு எழுந்து நின்று எல்லை பேசினார்கள். நூலைப் பார்த்ததும் அந்த எல்லைதான் எங்கள் வளவு வழியாகப் போகிறது என்று நினைத்திருந்தால்கூட நான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்திருப்பேன். என் புத்தி வேறு பக்கம் ஓடியது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் சாவு விழுந்தால் அந்த வளவில் நிற்கும் மாமரத்தைத் தறித்துத்தான் சிதை அடுக்குவார்கள். எங்கேயாவது மாமரம் சாய்கிற சத்தம் கேட்டால், தெருவில் போகிறவர்கள் நின்று "யாராக்கும்?" என்று விசாரிப்பார்கள். ஆனால் அதெல்லாம் ஆள் போன பிறகு. இங்கே ஆள் உயிரோடு நூல் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே ஏற்பாடு நடக்கிறது! இடம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். உண்மையில் இரண்டு உலைச் சோற்றையும் தின்றேன். எனக்குப் பயம் எப்போதும் பசியாகத்தான் வரும்.

மரம் தறிக்கிற இருவர் காலையில் வந்து கோடாலியைத் தீட்டியபோது நான் உச்சிக்கிளைக்குக் கீழே, சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தேன். சித்தப்பாவின் உயிரைக் காக்கக் கிளம்பிய அவசரத்தில் அந்த மரத்தில் முசுறு எறும்பு கூடு கட்டியிருப்பதை மறந்துவிட்டேன்.

"அண்ணாச்சி, இங்க வாருங்க!" என்று ஒருவர் அப்பாவைக் கூப்பிட்டார். "மரத்துல ஒங்க பய காய்ச்சுத் தொங்குகான்!"

அப்பா வந்தார். "எறங்குலே, சவத்துப் பயலே!"

"மாட்டேன்."

அம்மா ஓடிவந்து தலையில் கைவைத்துக்கொண்டு நின்றாள். சித்தி வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "யக்கா, அவன் முசுறுக்கூட்டு மேலயில்லா இருக்கான்!" என்று அலறினாள். கடைசியாகச் சித்தப்பா வந்தார், பாதி முகத்தில் சவர சோப்போடு.

"என்ன மக்கா, என்ன காரியம்? எங்கிட்டச் சொல்லு."

"மரத்தைத் தறிச்சா நீங்க செத்துப் போயிருவிய."

"யாருலே சொன்னா?"

"நீங்கதான சொன்னிய! ஆளு சொல்லுகதுக்கு முந்தி எடம் சொல்லிரும்னு. நம்ம வீட்லயும் ஆரும் ஆருகிட்டயும் பேசுகதில்ல. ஒங்களுக்குத் தனியா சோறு வைக்காவ. நூலு புடிச்சு அளந்தும் ஆச்சு. எல்லாம் பனிதான்!"

எல்லாம் பனிதான் என்று நான் கத்திய நேரத்தில் நல்ல வெயில். உடம்பெல்லாம் முசுறு கடித்து, ஓவென்று அழ ஆரம்பித்தேன். கீழே இருந்தவர்கள் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள். முக்கால்வாசி எறும்பு.

கோடாலிக்காரர்கள் சிரித்தார்கள். வீட்டு ஆட்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். சிரிப்பை அடக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.

அப்பாதான் பேசினார். "என்ன எளவுலே இவனுக்குச் சொல்லிக் குடுத்திருக்கே?" கேட்டது என்னிடமில்லை, மரத்திடமுமில்லை. சித்தப்பாவின் முகத்தைப் பார்த்து.

"கதையாக்கும் அண்ணே. இங்கிலீஷ் கதை."

"கடைசியில என்ன ஆச்சாம்?"

"நல்லா முடியேல்ல அண்ணே."

அப்பா கோடாலிக்காரர்களிடம், "இன்னைக்கு வேண்டாம், போயிட்டு வாருங்க," என்றார்.

இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் என்னை இறக்கினார்கள். சித்தப்பா ஏறிவந்து என் கைகளைப் பிடித்து இறக்க, அப்பா கீழிருந்து கால்களை வாங்கிக்கொண்டார். பிறகு கிணற்றங்கரையில் என்னை நிறுத்தி, ஆளுக்கொரு பக்கமாக நின்று எறும்பைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டார்கள்.

"அந்தக் காதுக்குப் பின்னால ஒண்ணு இரிக்கு பாரு."

"பாத்தேன் அண்ணே."

எறும்பெல்லாம் தீர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் இருவரும் என் முதுகில் தேடிக்கொண்டே இருந்தார்கள்.

ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த வாரம் முழுக்கச் சித்தப்பாவின் எதிரே சற்று நிமிர்ந்தே நடந்தேன். அவருடைய ஆயுளில் எனக்கும் ஒரு பங்கு உண்டல்லவா? பனி பெய்த ஊரிலும் என்னைப்போல் ஒரு பையன் நேரத்துக்கு மரமேறியிருந்தால் அந்த வீடு பிழைத்திருக்கும் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம், நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில் மரத்தைத் தறித்தார்கள். சித்தப்பா சாகவில்லை. நூல் பிடித்திருந்த வழியிலேயே ஆள் உயரத்துக்கு ஒரு சுவர் எழும்பியது. கிணற்றின் வாய்க்குக் குறுக்கே அது போயிற்று; பாதிக் கிணறு எங்களுக்கு, பாதிக் கிணறு சித்தப்பாவுக்கு.