வேலை இல்லாத இரண்டு நாட்கள்

கிளறிற்றாவுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. கடையில் பால் எடுத்தால் திகதியைப் பார்ப்பாள், பிறகு பின்வரிசைப் போத்தலின் திகதியையும் பார்ப்பாள். மனோர் பார்க் வீட்டில் புருசன் பெனடிக்ற் பின்கதவைப் பூட்டிவிட்டு வந்து படுத்தால், எழும்பிப் போய் ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவாள். பஸ் ஓட்டிக் களைத்து வரும் அந்த மனிதர் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இப்போதெல்லாம் பூட்டுவதையே விட்டுவிட்டார். எப்படியும் அவள் பார்க்கத்தானே போகிறாள்.

இந்தக் குணத்துக்கும் சம்பளம் கொடுக்க லண்டனில் ஓர் இடம் இருந்தது. ஆற்றோரமாக நான்கு கவுன்சில்களின் எல்லைகளைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் பெரிய பூங்கா ஒன்றை நடத்தும் ஆணையம் அது. அங்கே துப்புரவு வேலைக்குப் போனவள் ஒருநாள் குப்பைக்கூடைக்குள், ஒப்பந்தக்காரர் ஒருவர் விலை எழுதிக் கொடுத்த கடதாசி கிழிக்காமல் கிடக்கக் கண்டாள். மடித்து எடுத்துப்போய் ஒப்பந்தப் பகுதித் தலைவி கத்தரினிடம் நீட்டி, இதை வேறு யாராவது எடுத்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். கத்தரின் அந்த வெள்ளைக்காரக் கண்களால் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மூன்று மாதத்தில் கிளறிற்றாவுக்குக் கோப்புப் பகுதியில் ஒரு மேசை கிடைத்தது.

அதெல்லாம் நடந்து பதினாலு வருடம். பூங்காவின் நடைமுறை இப்போது அவளுக்குத் தலைகீழாகப் பாடம். இருக்க ஒரு வாங்கு போடுவதென்றாலும் முதலில் அது ஐந்தாண்டுத் திட்டத்தில் ஏறவேண்டும். பிறகு ஊர்ச்சனத்திடம் கருத்துக் கேட்கவேண்டும். பிறகு கவுன்சில்கள் அனுப்பிய உறுப்பினர்கள் வட்டமாக இருந்து கைதூக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் டெண்டர். வருகிற விண்ணப்பங்களைக் குறித்த நாள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கணினியில் திறப்பார்கள். ஏன் இரண்டு பேர் என்று புதிதாக வந்த பிள்ளைகள் கேட்பார்கள். கிளறிற்றாவுக்கோ இரண்டு பேர் போதுமா என்பதுதான் கேள்வி.

உறுப்பினர் ஒருவர் தேநீர் நேரத்தில் ஒப்பந்தக்காரர் ஒருவரோடு சிரித்துப் பேசினால் அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடாது. பாலம் கட்டுவதைப் பின்போட்டால் ஏன் பின்போட்டார்கள் என்று யோசிப்பாள், முன்னுக்குக் கொண்டுவந்தால் இன்னும் கூடுதலாக யோசிப்பாள். ஆனால் பதினாலு வருடத்தில் ஒரு கள்ளனும் அகப்படவில்லை. அதுவே அவளுக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது.

வேலையைப் பற்றி வீட்டிலோ கோயிலிலோ வாய் திறக்கமாட்டாள். "பாக்கில ஒரு ஒபிஸ்" என்பதற்குமேல் சொந்தக்காரருக்கும் தெரியாது. சொன்னால் கதை போகும், கதை போனால் ஆள் வரும் என்பது அவளுடைய கணக்கு.

அந்த மாசி மாதம் ஆற்றங்கரை நடைபாதைக்கும் மரப்பாலத்துக்கும் டெண்டர் வந்தது. ஐந்து கொம்பனிகள். புள்ளி போடும் மூவரில் அவளும் ஒருத்தி. விண்ணப்பித்தவர்களில் தனக்கு உறவினர் யாருமில்லை என்ற படிவத்தில் வழக்கம்போல் கையெழுத்து வைத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை கடதாசிகளை விரித்தாள்.

எந்த நாள் எந்த வேலை நடக்கும் என்று கட்டம்போட்டுக் காட்டும் அட்டவணை ஒவ்வொரு விண்ணப்பத்திலும் இருக்கும். மூன்றாவது கொம்பனியின் அட்டவணை நீலம், ஐந்தாவதினுடையது பச்சை. ஒன்று எசெக்ஸ் பக்கத்துக் கொம்பனி, மற்றது தெற்கு லண்டன். எழுத்து வேறு, சொல் வேறு. ஆனால் கோடை நடுவில் ஒரு புதன்கிழமை இரண்டிலும் வெறுமையாகக் கிடந்தது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, அதுவும் இரண்டிலும் வெறுமை. இங்கிலாந்தில் விடுமுறையில்லாத இரண்டு நாட்கள்.

அவள் சந்தோசத்தோடு இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் ஒரே ஆள்தான் எழுதியிருக்கிறான். ஒருவரோடொருவர் போட்டி போடவேண்டியவர்கள் கூடிக்கொண்டு விலை வைத்திருக்கிறார்கள். பதினாலு வருடம் காத்திருந்த கள்ளன் கடைசியில் வந்து சேர்ந்துவிட்டான்.

பிறகுதான் திகதிகளைப் பார்த்தாள். ஜூலை இரண்டு. ஆகஸ்ட் பதினைந்து.

அவளுடைய சந்தோசம் வந்த வழியே போய்விட்டது. ஆகஸ்ட் பதினைந்து பிரான்சில் விடுமுறை என்று மனதுக்குச் சொல்லிப் பார்த்தாள். போலந்துக்காரருக்கும் விடுமுறை, கட்டட வேலையில் பாதிப்பேர் அவர்கள்தானே என்றும் சொல்லிப் பார்த்தாள். ஜூலை இரண்டுக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. அந்த இரண்டு நாளையும் சேர்த்து ஓய்வாக வைக்க மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்க வேதக்காரனால் மட்டும்தான் முடியும். முதலாவது மடு மாதா கோயிலின் ஆடித் திருவிழா, மற்றது ஆவணித் திருவிழா.

அந்த இரண்டு நாளும் மண்வெட்டி தொடாத ஒருவனை அவளுக்குத் தெரியும். தொண்ணூறில், சண்டைக்குத் தப்பி மடுக் கோயிலில் அகதியாக இருந்தபோது, பதினேழு வயதுக் கிளறிற்றா மலேரியாவில் நினைவிழந்து கிடந்தாள். மருந்து இல்லை. தமையன் மேர்வின் கோயில் வாசலில் முழங்காலில் நின்று, தங்கச்சி பிழைத்தால் இந்த இரண்டு நாளும் சாகும்வரை வேலை செய்யமாட்டேன் என்று நேர்த்தி வைத்தான். பாரிசில் பதினாலு வருடம் கல் பதித்த காலத்திலும் செய்யவில்லை. இப்போது மோர்டனில் இருந்துகொண்டு பெரிய கொம்பனிகளிடம் சில்லறைக் கொந்தராத்து எடுத்துப் பாதை போடுகிறான், வேலி அடிக்கிறான். அந்த இரண்டு நாளும் அவனுடைய வான் வாசலை விட்டு அசையாது.

ஐந்து நாள் அவள் பெனடிக்றுக்கும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மூர்கேற்றில் ரயில் மாறி மோர்டனுக்குப் போனாள். அண்ணி றூபினி தேத்தண்ணி வைத்துவிட்டு உள்ளே போகும்வரை பொறுத்திருந்தாள்.

"அண்ணை, ஆத்தங்கரைப் பாதை டெண்டர் ரெண்டும் நீங்களோ எழுதினது?"

மேர்வின் கோப்பையைக் கீழே வைத்தான். "உனக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. ஜூலை ரெண்டும் ஓகஸ்ற் பதினைஞ்சும்."

அவன் றூபினி போன பக்கம் ஒருதரம் பார்த்தான். பிறகு மெல்லிய குரலில் சொன்னான். "முதல்ல ஒரு கொம்பனிக்காரர் எழுதித் தரச் சொன்னவர், எழுதினன். எதிர்க்க விலை கூட்டி, தெரிஞ்ச வேறொரு கொம்பனியின்ர பேரில இன்னொண்டு கிடந்தா நல்லமெண்டார், அதையும் எழுதினன். வெண்டா இந்தக் கோடை முழுக்க வேலை எனக்கெண்டவர். மார்கழியில இருந்து சும்மா இருக்கிறன், பிள்ளை."

"நான் அங்க வேலை செய்யிறன் எண்டு தெரியாதோ?"

"நீ எப்ப வாய் திறந்து சொன்னனீ? கழிவறைக் கடதாசி வாங்கிற இடத்தில நிக்கிறாய் எண்டெல்லோ நினைச்சன்."

அது உண்மை. அவள் சொன்னதேயில்லை.

"அந்த ரெண்டு நாளையும் வேலைநாள் எண்டு போட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிராது."

"கடதாசியிலதானே எண்டு போட்டுப் பாத்தனான். மனம் கேக்கேல்லை, அழிச்சுப்போட்டன்." அவன் நிமிர்ந்து பார்த்தான். "நீ பேசாமல் இருக்க ஏலாதோ? உன்னைத் தவிர அங்க ஒருத்தருக்கும் இது விளங்காது."

கிளறிற்றா எழும்பி வந்தாள். ரயிலில் முழுக்க அந்தக் கேள்விதான் கூட வந்தது. ஊரில் உள்ள எல்லாரையும் சந்தேகித்தவள், வேறு யாராவதாக இருந்தால் செவ்வாய்க்கிழமையே கத்தரினிடம் ஓடியிருப்பாள். அதை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. அண்ணனுக்காக வாயை மூடினால், இனி எவனைச் சந்தேகிக்க அவளுக்கு என்ன உரிமை? சொன்னாலோ, தன் உயிருக்காக வைத்த நேர்த்தியைக் காட்டியே அவனைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை கத்தரினின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இரண்டு அட்டவணைகளையும் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்த நேர்த்தி யாருக்காக வைத்தது?" என்று கேட்டாள் கத்தரின்.

"எனக்காக."

எழுதிக்கொண்டிருந்த கத்தரின் பேனையைக் கீழே வைத்தாள். பிறகு எடுத்து மிச்சத்தையும் எழுதினாள். அவளால் வேறென்ன செய்ய முடியும்.

இரண்டு விண்ணப்பங்களும் தள்ளுபடியாயின. மேர்வினின் பெயர் கோப்பில் ஏறியது, பெரிய கொம்பனிகள் அவனைக் கூப்பிடுவதை நிறுத்தின. தெரிந்தும் ஆறு நாள் பேசாமலிருந்ததற்காகக் கிளறிற்றாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அது சரிதான் என்று அவளே நினைத்தாள். தமையன் அவளுடைய அழைப்பை எடுப்பதில்லை.

ஜூலை இரண்டு வந்தது. காலையில் எழும்பியதிலிருந்து அவளை ஒரு சந்தேகம் அரித்தது. காட்டிக்கொடுத்த தங்கச்சிக்காக எவன் ஒருநாள் கூலியை விடுவான், அதுவும் இந்த வருடம்? இன்று அவன் வேலைக்குப் போயிருப்பான். லீவு போட்டுவிட்டு மோர்டனுக்குப் போனாள்.

வான் வாசலில் நின்றது. ஏணி மேலே கட்டப்படவில்லை. கண்ணாடியில் கையை வைத்து உள்ளே பார்த்தாள். மண்வெட்டிகள் கழுவித் துடைத்தபடி கிடந்தன. குனிந்து சக்கரத்தையும் பார்த்தாள், ஈரமில்லை. நிமிர்ந்தபோது மேர்வின் கதவைத் திறந்துகொண்டு நின்றான்.

"பாக்க வந்தனீயோ?"

"ஓம், அண்ணை."

"பாத்தாச்சுத்தானே. இனிப் போ."

கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது. உள்ளே பூட்டுப் போடும் சத்தம் கேட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு கதவு பூட்டியிருக்கிறதா என்று அவள் இழுத்துப் பார்க்கவில்லை.