ஓட்டை இல்லாத கத்தரிக்காய்

உள்ளங்கையில் கத்தரிக்காயை உருட்டி, கட்டைவிரலை அதன் தோல்மீது ஒருமுறை சுற்றவிடுகிறார் ஜம்பு. கண் அங்கே இருப்பதே இல்லை. வாசலில் பின்வாங்கி வரும் டெம்போவைப் பார்த்துக்கொண்டோ, யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டோ இருப்பார். விரல் வழுக்கிக்கொண்டே போனால் காய் வலப்பக்கக் கூடைக்குப் போகும். குண்டூசி நுழைந்த அளவுக்கு ஓரிடத்தில் தட்டினாலும் இடப்பக்கம். காம்பை மட்டும் தொடமாட்டார். "அதுல கீற முள்ளு குத்திச்சின்னா ரெண்டு நாளைக்கி விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். காம்பு பக்கம் போவாதே" என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் முதலில் சொல்வது அதைத்தான்.

புனேயிலிருந்து சோலாப்பூர் போகும் சாலையில், மாஞ்சரியைத் தாண்டி ஒரு பெரிய தகரக் கொட்டகை. செல்போன் வழியாகக் காய்கறி விற்கும் ஒரு கம்பெனியின் கொள்முதல் மையம் அது. நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் விவசாயிகள் நிற்பார்கள், இந்தப் பக்கம் ஜம்பு. அவருக்குப் பின்னால் பொட்டலம் கட்டும் பெண்கள். கட்டிய பொட்டலங்கள் அங்கிருந்து கராடிக்கும் மகர்பட்டாவுக்கும் போய், மாடிக் குடியிருப்புகளின் கதவைத் தட்டும். வலப்பக்கக் கூடையில் விழுந்த காய்க்குத்தான் அந்த யோகம்.

ஜம்புவுக்கு அறுபது நெருங்குகிறது. மே மாத வெயிலிலும் தலையில் கம்பளிக் குல்லாய். கன்னத்தில் எப்போதும் ஒரு கிராம்பு ஒதுங்கியிருக்கும். பாட்டனார் வேலூர்ப் பக்கத்திலிருந்து கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். பேரனுக்கு வேலூர் ரயிலடி மட்டும்தான் தெரியும். "தமிழ்ல திட்டுவேன், இந்தியில பேரம் பேசுவேன், மராட்டியில மன்னிப்பு கேப்பேன்" என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வார். முன்பெல்லாம் இதைச் சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரிப்பார்.

இங்கே வருவதற்கு முன் மார்க்கெட் யார்டில் ஒரு கத்தரிக்காய் மண்டியில் இருந்தார். பளபளப்பானது ஓட்டலுக்கு, முற்றியது மெஸ்ஸுக்கு, ஓட்டை விழுந்தது பஜ்ஜிக் கடைக்கு என்று மூட்டையைப் பிரித்ததும் பங்கு போட்டுவிடுவார். "மண்டியில எல்லாத்துக்கும் ஒரு ஆளு இருந்தான். யாருமே இல்லன்னா கடைசியில எருமை இருந்துது" என்பார். இங்கே எருமை கிடையாது. கம்பெனி எடுத்துக்கொள்வது ஒரு கூடை, எடுத்துக்கொள்ளாதது இன்னொரு கூடை. இரண்டாவதை விவசாயி திருப்பிக் கொண்டுபோகலாம். டெம்போ வாடகைக்குப் பயந்து பெரும்பாலானவர்கள் விட்டுவிட்டுப் போவார்கள். சாயங்காலம் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலையின் லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும்.

தொடக்கத்தில் ஜம்பு மண்டிக்காரராகவே இருந்தார். ஒன்றிரண்டு ஓட்டைக் காய்களைக் கண்டும் காணாமல் வலப்பக்கம் தள்ளிவிடுவார். "ஓட்டைய சுத்தி அறுத்துப் போட்டுட்டு மிச்சத்த ஆக்கறதுதான? எங்கம்மா அப்படித்தான் ஆக்கிச்சி. நாங்க செத்தா போயிட்டோம்?" அந்தக் காய்கள் போய்ச் சேர்ந்த இடங்களிலிருந்து படங்கள் வந்தன. சலவைக்கல் மேடையில் இரண்டாகப் பிளந்த கத்தரிக்காய், நடுவில் இளஞ்சிவப்பாக ஒரு புழு. மையத்தின் மேலாளர் ஷ்ரேயஸ் செல்போனை நீட்டிக் காட்டுவான். கோபக்காரன் இல்லை. ஜம்புவைச் சித்தப்பா முறையில் 'காகா' என்பான். "காகா, இன்னொரு தடவை இப்படி வந்தால் உங்களையும் என்னையும் சேர்த்து அனுப்பிவிடுவார்கள்" என்று இந்தியில் தணிந்த குரலில் சொன்னான்.

ஒருநாள் வந்த படத்திலிருந்த சமையல் மேடை ஜம்புவுக்கு அடையாளம் தெரிந்தது. அது அவர் மகள் கீர்த்தியின் வீடு. கராடியில் மென்பொருள் கம்பெனியில் வேலை, அங்கேயே குடித்தனம். சாயங்காலம் போனில் கேட்டார்.

"ஏம்மா, ஒரு புழுவுக்கா கம்ப்ளைண்ட் போட்ட?"

"அப்பா, அது நெளியுதுப்பா! முழுசையும் டஸ்ட்பின்ல போட்டுட்டேன். நீங்க செக் பண்ணதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சிருந்தா?"

கீர்த்தி கொஞ்சம் யோசித்தாள். "அப்பவும் போட்டிருப்பேன்" என்றாள்.

மறுநாளிலிருந்து ஜம்புவின் கட்டைவிரல் யாருக்கும் இரங்கவில்லை. இடப்பக்கம் போடும் ஒவ்வொரு காயிடமும் "போய்ட்டு வா ராசா" என்று சொல்லும் பழக்கம் அப்போது வந்ததுதான். மராட்டிக்காரர்களுக்கு அதன் அர்த்தம் தெரியாது. ஆனால் அந்த மூன்று வார்த்தைகள் காதில் விழுந்தால் காய் போயிற்று என்பது தெரியும்.

சுமன் அந்த வார்த்தைகளை அதிகம் கேட்டவர். திவே காட் மலை ஏறுவதற்கு முன்னால், வட்கிக்குப் பக்கத்தில் அவருக்கும் கணவர் விட்டலுக்கும் கொஞ்சம் நிலம். விட்டல் பயிர் பார்ப்பார், சுமன் காயைக் கொண்டுவருவார். ஜம்புவை 'பாவ்' என்று கூப்பிடுவார். அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். ஜம்பு அவரை 'தாயி' என்பார். மராட்டியில் அதற்கு அக்கா என்று பொருள் என்றாலும், வயதில் இளைய ஒருத்தியைத் தாயே என்று கூப்பிடுவதுபோல் இருக்கிறதே என்று ஜம்புவுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

அந்த மழைக்காலத்தில் சுமன் கொண்டுவந்ததில் பாதிக்கு மேல் இடப்பக்கம் விழுந்தது. அவர் கெஞ்சவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாவ், பறிக்கும்போது எனக்கு இந்த ஓட்டை கண்ணுக்கே தெரியவில்லை. உன் விரலுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது?"

"பழக்கம் தாயி."

"சரி, ஓட்டை விழாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? அதையாவது சொல்லு."

ஜம்புவுக்கு விவசாயம் தெரியாது. வாசலில் டீ குடிக்க வந்து நிற்கும் பூச்சிமருந்து ஏஜெண்ட் தினமும் சொல்வதைக் கேட்டிருந்தார். அதையே தன் வாயால் சொன்னார். எந்த மருந்து, அதோடு எதைக் கலப்பது, பூ விட்டதிலிருந்து காய் பறிக்கும்வரை விடாமல் அடிப்பது. "ஒரு ஓட்டைகூட இல்லாம கொண்டா தாயி. மொத்தத்தையும் நான் எடுத்துக்கறேன்" என்று முடித்தார். நல்லது சொன்ன திருப்தியோடு ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அடுத்த பருவத்தில் சுமனின் காய்கள் எண்ணெய் தடவியதுபோல் வந்தன. ஜம்புவின் விரல் எங்கேயும் தட்டவில்லை. மற்ற விவசாயிகளைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாரு, இதாண்டா மால்!" சுமன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தீபாவளிக்கு ஒரு டப்பா நிறைய சக்லி முறுக்கு கொண்டுவந்து கொடுத்தார். புகார்ப் படங்கள் நின்றன. ஷ்ரேயஸ் ஜம்புவின் தோளைத் தட்டினான்.

மாசி வெயிலில் ஒருநாள் சுமனின் டெம்போ வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அந்த ஊர்க்காரர் ஒருவர் வெங்காயம் இறக்க வந்தபோது சொன்னார். விட்டல் மருந்து அடித்துக்கொண்டிருக்கும்போதே வரப்பில் விழுந்துவிட்டாராம். முதுகில் கட்டியிருந்த டப்பா ஒழுகிச் சட்டை முழுக்க நனைந்திருந்ததாம். எச்சில் வழிய, கண்மணி சுருங்கி, பேச்சு வராமல் ஹடப்சர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாராம்.

ஜம்பு கேட்டுக்கொண்டே ஒரு வெங்காயத்தைக் கையில் வைத்திருந்தார். அதை எந்தக் கூடையில் போடுவது என்று தெரியாதவர்போல அப்படியே நின்றார்.

விட்டல் பிழைத்துக்கொண்டார். வீடு திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜம்பு பார்க்கப் போனார். மனைவி மல்லிகாவிடம் ஆரஞ்சுப் பழம் வாங்கி வரச் சொல்லி, அதைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டார். விட்டல் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து உட்கார்ந்தார். பாதங்கள் இரண்டும் தரையில் இழுபட்டன. விஷத்தின் வேலை, மெல்லத்தான் சரியாகும், முழுக்கச் சரியாகுமா என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். விட்டல் ஜம்புவைக் குறை சொல்லவில்லை. "முகத்தில் துணி கட்டிக்கொள்ளாமல் அடித்தது என் தப்பு" என்றார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும் என்று ஜம்பு பின்னால் மல்லிகாவிடம் சொன்னார்.

சுமன் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். சோள ரொட்டி, கடலைமாவுக் கூட்டு, பச்சை வெங்காயம். வாசலுக்கு எதிரேயே கத்தரித் தோட்டம், பறிப்பாரில்லாமல் காய் தொங்கிக்கொண்டிருந்தது. இறுக்கத்தைக் குறைக்க ஜம்பு ஏதோ பேச நினைத்தார்.

"இவ்ளோ கத்தரிக்காய வெச்சிக்கிட்டு எனக்குக் கடலைமாவா தாயி?"

சுமன் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"அது உங்களுக்குக் கொடுக்கிறதுக்கு, பாவ். மருந்து அடிக்க ஆரம்பித்த பிறகு நாங்கள் அதைச் சாப்பிடுவதில்லை."

குத்தலாகச் சொல்லவில்லை. மழை வருகிறது, துணியை எடுக்க வேண்டும் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். ஜம்புவுக்குக் கீர்த்தியின் சமையல் மேடை கண்முன்னே வந்தது. அவள் இப்போது புகார் எதுவும் அனுப்புவதில்லை. வாரம் தவறாமல் கத்தரிக்காய் வாங்குகிறாள். பேத்திக்குக் கத்தரிக்காய்ப் பொரியல் என்றால் உயிர்.

அன்று ராத்திரியே மகளுக்குப் போன் செய்தார். "காய உப்புத் தண்ணியில நல்லா ஊற வெச்சிக் கழுவும்மா" என்றார். "கழுவிட்டுதாம்பா செய்றேன். பளபளன்னு சூப்பரா வருது" என்றாள் கீர்த்தி.

ஷ்ரேயஸிடமும் போய் நின்றார். ஓட்டைக் காயைத் தனியாக, குறைந்த விலைக்கு விற்கக்கூடாதா என்று கேட்டார். அவன் தட்டிக் கழிக்கவில்லை. மேலிடத்தில் பேசி அனுமதி வாங்கி, 'மருந்து குறைவு, புழு இருக்கலாம்' என்று எழுதிப் போட்டுப் பார்த்தான். வாங்குவதற்கு ஆள் வரவில்லை. கீர்த்தியை வாங்கச் சொல்லியிருந்தார் ஜம்பு. "பாப்பா பார்த்துட்டா அப்புறம் சாப்பிடவே மாட்டாப்பா" என்று அவளும் வாங்கவில்லை. வைத்த காய் சுருங்கிப்போய், சாயங்கால லாரியில் ஏறியது. "நான் என்ன செய்ய முடியும், காகா?" என்றான் ஷ்ரேயஸ்.

அதிலிருந்து "போய்ட்டு வா ராசா" நின்றுபோனது. காய் பேச்சில்லாமல் கூடைக்குப் போகிறது. வேலையை விட்டுவிடலாம் என்று இரண்டு முறை மல்லிகாவிடம் சொல்லியிருக்கிறார். "நீ விட்டா ஓட்டையப் பாக்க வேற ஆளு வரமாட்டானா?" என்று மல்லிகா கேட்டதும் அடங்கிவிட்டார்.

விட்டலுக்கு இன்றுவரை கால் முழுதாகத் திரும்பவில்லை. நிலத்தை ஒரு கல்யாண மண்டபக்காரர் வண்டி நிறுத்துவதற்குக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டார். கத்தரிச் செடி இருந்த இடத்தில் முகூர்த்த நாட்களில் கார்கள் நிற்கின்றன. சுமன் கம்பெனி வேனில் ஏறி இதே கொட்டகைக்கு வேலைக்கு வருகிறார். ஜம்புவுக்குப் பின்னால் மூன்றாவது இருக்கை. வலப்பக்கக் கூடையிலிருந்து காயை எடுத்து, அட்டைத் தட்டில் அடுக்கி, மேலே கண்ணாடித்தாளை இழுத்துச் சுற்றுகிறார். இருவரும் காலையில் ஒரு வணக்கம் சொல்லிக்கொள்வார்கள். முதுகுக்குப் பின்னால் சுமன் சுருளிலிருந்து தாளை இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்கும்வரை ஜம்பு முதல் காயைத் தொடுவதில்லை.

போன வாரம் புதிதாக ஒரு விவசாயி வந்தார். நரைத்த மீசை, காந்தி குல்லாய். கொண்டுவந்ததில் பாதிக்கு மேல் ஓட்டை. இடப்பக்கக் கூடை நிரம்புவதைப் பார்த்துவிட்டு மேசைமீது சாய்ந்தார்.

"சாகேப், இந்த ஓட்டை விழாமல் இருக்க எதை அடிக்க வேண்டும்?"

பின்னால் தாளின் சத்தம் நின்றது.

ஜம்பு கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார். "எனக்குத் தெரியாது" என்றார்.

"நாள் முழுக்க ஓட்டை பார்க்கிறீர்கள், தெரியாதா?"

"தெரியாது பாபா. எதையும் அடிக்காதே."

"அடிக்காமல் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்வீர்களா?"

ஜம்பு அடுத்த காயை எடுத்து விரலைச் சுற்றவிட்டார். தட்டியது, இடப்பக்கம் போட்டார். மீசைக்காரர் காலி மூட்டைகளை உதறி மடித்துக்கொண்டு வெளியே போனார். டீக்கடைப் பக்கம் பூச்சிமருந்து ஏஜெண்ட் அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்வது மேசையிலிருந்தே தெரிந்தது.

சாப்பாட்டு மணி அடித்தது. பெண்கள் டப்பாக்களை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார்கள். சுமன் மட்டும் எழுந்து முன்னால் வந்தார். அந்த மனிதர் விட்டுப்போன இடப்பக்கக் கூடையின் முன் உட்கார்ந்து, காய்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். நல்ல பெரிய ஓட்டை உள்ளவையாகத் தேடி எடுத்து முந்தானையில் போட்டுக்கொண்டார். கொட்டகையிலிருந்து ஒரு காய் வெளியே போனாலும் வேலை போய்விடும். கழிவானாலும் அப்படித்தான். அதற்காகவே கூரை மூலையில் ஒரு கேமரா அந்த மேசையைப் பார்த்தபடி இருக்கிறது.

ஜம்பு மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, கேமராவுக்கும் சுமனுக்கும் நடுவில் முதுகைக் காட்டி நின்றார். முதுகு போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். தலையிலிருந்த கம்பளிக் குல்லாயைக் கழற்றித் தூசி தட்டுகிறவர்போல இரண்டு முழங்கைகளையும் அகல விரித்துக்கொண்டார். சுமன் முந்தானையை முடிந்துகொண்டு எழும்வரை தட்டிக்கொண்டே இருந்தார்.