மூன்றாம் பக்கத்தில் இல்லாத மணி

இசைத்தட்டு அச்சடிக்கும் அந்தத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் காதக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வாட்ச்மேனுக்கும் காதக்கா, மேனேஜருக்கும் காதக்கா. அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

அவள் வேலை சொன்னால் சுகமாக இருக்கும், செய்து பார்த்தால் பைத்தியம் பிடிக்கும். ஒரு ஆல்பத்தை ஆயிரக்கணக்கில் அடிப்பதற்கு முன் சோதனைக்கென்று சில தட்டுகள் அடிப்பார்கள். அதை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை உட்கார்ந்து கேட்க வேண்டும். வேகமாக ஓட்டிப் பார்க்க முடியாது, பாதியில் டீ குடிக்கப் போக முடியாது. எங்கே ஒரு சொடுக்கு விழுகிறது, எங்கே இரைகிறது, எங்கே பாடகியின் ‘ச’ பாம்பு மாதிரி சீறுகிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். காதக்கா சரி என்றால் மெஷின் ஓடும். சரியில்லை என்றால் முதலாளியே தலைகீழாக நின்றாலும் ஓடாது.

கேட்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது, சுவரெல்லாம் தடித்த பஞ்சு. நாற்காலியும் ஒன்றே ஒன்று. இன்னொன்று போடட்டுமா என்று ஒருகாலத்தில் கேட்டார்கள். “வேணாம். நாற்காலி போட்டா ஆள் வந்து உட்காரும், உட்கார்ந்தா பேசும்” என்று விரட்டிவிட்டாள். அப்படிச் சொன்ன காலத்தில் வீட்டில் அவளுக்குப் பேச ஆள் இருந்தது.

வீட்டில் இருந்தவர்கள் அம்மாவும் தங்கையும். தங்கை கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனாள், அம்மா காலமாகிவிட்டாள். காதக்காவுக்கும் வரன்கள் வந்தன. ஒருத்தன் காபியை உறிஞ்சுகிற சத்தம் பொறுக்கவில்லை என்று தட்டிக் கழித்தாள். இன்னொருத்தன் பேசும்போது மூக்கில் விசில் அடித்தது. கூர்மையான காதால் இப்படியும் நஷ்டம் உண்டு. கடைசியில் இரண்டு அறை வீடும் ஒரு ரெக்கார்டு பிளேயரும் அவளும் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை போன் பண்ணுவாள். தங்கை மகள், சின்னது, போனைப் பிடுங்கிக்கொண்டு பெரியம்மாவிடம் பேசும். சத்தம் வரும், சொல் வராது. “ம்... ம்... சமத்து” என்பாள் காதக்கா. “அவ எப்ப வருவீங்கன்னு கேக்குறா, நீ சமத்துங்கிறியே!” என்று தங்கை ஒருநாள் கடிந்துகொண்டாள். காதக்கா போனைத் திட்டினாள். புது போன் வாங்கினாள். அதையும் திட்டினாள்.

இந்தச் சமயத்தில்தான் அந்த மறுவெளியீடு வந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு முன் ஒரு அண்ணனும் தங்கையும் போட்ட எலக்ட்ரானிக் பாப் ஆல்பம். தங்கை பாடுவாள். அண்ணன் கீபோர்டையும் டிரம் மெஷினையும் வைத்துக்கொண்டு மீதியெல்லாம் பார்த்துக்கொள்வான். இப்போது இரண்டு தட்டாக வருகிறது. முதல் தட்டில் பழைய பாட்டுகள், இரண்டாவதில் அன்று வெளியிடாமல் வைத்திருந்த போனஸ் பாட்டுகள்.

அட்டையைப் பார்த்ததும் காதக்கா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இந்த ஆல்பத்தின் கேசட்டைத் தேயத் தேயக் கேட்ட வீடு அவளுடையது. ஒரே ஹெட்போனை ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூட உடுப்பைக்கூட மாற்றாத தங்கையோடு ஒட்டி உட்கார்ந்து கேட்டது. ஒவ்வொரு பாட்டிலும் எங்கேயாவது ஒரு சின்ன மணி வரும், கண்ணாடி டம்ளரின் விளிம்பைக் கரண்டி நுனியால் தொட்ட மாதிரி. அது வந்ததும் ஒருத்தி மற்றவளைத் தோளால் இடிக்க வேண்டும். பிந்தினவள் தோற்றாள். தோற்றவள் பாத்திரம் கழுவ வேண்டும்.

முதல் தட்டைப் போட்டாள். முதல் பக்கமும் இரண்டாம் பக்கமும் தங்கமாக இருந்தன. மணி ஒவ்வொன்றும் தன் இடத்தில் வந்து தொட்டுவிட்டுப் போனது. அவளுடைய தோள் தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. இடிக்க ஆள் இல்லை என்பது சாய்ந்த பிறகுதான் உறைத்தது. கொஞ்சம் அழுதாள், சந்தோஷமும்தான்.

அடுத்தது இரண்டாவது தட்டின் முதல் பக்கம், அதாவது மூன்றாம் பக்கம், அதில் முதல் பாட்டு. குரல் இருந்தது, டிரம் இருந்தது. மணி மட்டும் இல்லை. அடுத்த பாட்டிலும் இல்லை. கடைசி வரை காத்திருந்தாள், ஒன்றுகூட இல்லை. பாட்டே ஆளில்லாத வீடு மாதிரி இருந்தது. தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று ஊசியின் அறைக்குப் போனாள்.

ஊசி என்பது தட்டு அடிப்பதற்கான மூல வட்டில் பாட்டின் பள்ளத்தை வெட்டுகிற ஆள். வெட்டுகிற ஊசியைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்வதால் அந்தப் பெயர். வாய் அதிகம் இல்லாதவன்.

“ரெண்டாவது தட்டுல மேல் சத்தம், கீச்சுன்னு வர்ற மெல்லிசு சத்தமெல்லாம் போயிருக்கு. மணியே இல்ல. எங்க கொண்டுபோய்த் தொலைச்ச?”

ஊசி பதறிப்போய்த் தட்டை வாங்கிப் போட்டான். தலையைச் சாய்த்துக் கேட்டான். “இருக்கேக்கா. இதோ... இதோ பாருங்க, இன்னொண்ணு.”

“எங்கடா?”

“கம்ப்யூட்டர் திரையில பாருங்க, மணி வர்ற இடத்துல கோடு துள்ளுதே.”

“பாட்டு கண்ணுக்கா காதுக்கா? உன்கிட்ட சொல்றது செவிடன் காதுல ஊதின சங்குதான்!”

ஊசி தட்டை நிறுத்தினான். “முதல் தட்டுல மணி கேட்டுச்சா?” என்றான்.

“ஒண்ணு விடாம.”

“ரெண்டும் ஒரே டேப்புலேர்ந்து எடுத்தது. அதே மணிதான். அங்க கேட்டா இங்கயும் கேக்கணுமே.” யோசித்தான். “உட்காருங்கக்கா. முதல் தட்டுலேர்ந்து ஒரு பாட்டு போடறேன். மணி வரும்போதெல்லாம் விரலைத் தூக்குங்க.”

“என்ன, எனக்கே பரீட்சையா?”

“சும்மாதான்.”

கண்ணை மூடிக்கொண்டாள். மணி வந்தது, விரல் எழுந்தது. பாட்டு முடிகிறவரை ஒன்றைக்கூட விடவில்லை. ஜெயித்த முகத்தோடு கண்ணைத் திறந்தாள்.

“எதையாவது விட்டேனா?”

“இல்லக்கா. எல்லாம் அந்தந்த இடத்துல சரியா இருந்துச்சு.”

“அப்புறம் ஏன் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?”

ஊசி ஒரு குமிழைத் தொட்டுக் காட்டினான். “மேல் சத்தத்தை மொத்தமா அடைச்சிட்டுத்தான் போட்டேன். இப்ப ஓடின பாட்டுல மணியே கிடையாதுக்கா.”

காதக்கா எழுந்திருக்கவில்லை. முதலில் கோபம் வந்தது, அவன் பொய் சொல்கிறான் என்று. பிறகு பயம் வந்தது. கொஞ்சம் முன்னால் அவள் கேட்டாளே, அத்தனை தெளிவாக, கரண்டி நுனி கண்ணாடியைத் தொட்டதே! அதெல்லாம் அவளே தனக்குள் வாசித்துக்கொண்டது.

“யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்” என்றான் ஊசி.

“உன் வாயை மூடிட்டா என் காது திறந்துடுமா?”

“இப்பல்லாம் காதுல மாட்டிக்க நல்ல மெஷின் வந்திருக்கு. டாக்டர்கிட்ட...”

“போறேன். ஆனா மெஷினை மாட்டிக்கிட்டு இந்த வேலை பார்க்க முடியாது. உனக்குத் தெரியாததா?”

மேனேஜரிடம் அவளே போனாள். ரெண்டாவது தட்டு சரி, என் காதுதான் சரியில்லை என்றாள். அவர் நல்ல மனிதர், ரொம்ப வருத்தப்பட்டார். ரொம்ப சீக்கிரம் முடித்தும் விட்டார். திங்கட்கிழமையிலிருந்து தட்டை அட்டைக்குள் போடுகிற பிரிவு. அங்கே பத்துப் பேர் பேசிக்கொண்டே வேலை செய்வார்கள், உங்களுக்கும் பொழுது போகும் என்றார். பத்துப் பேர் பேசுவதில் எத்தனை சொல் தனக்கு வந்து சேரும் என்று அவள் கேட்கவில்லை.

நடைவழியில் வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். வேலை போனது வலித்தது. அதைவிட வலித்தது வேறு. ஏற்கெனவே தெரிந்த பாட்டை மனசு எப்படியோ எடுத்துக் கொடுத்துவிடும். தங்கை மகளின் குரலை அவள் ஒருநாளும் சரியாகக் கேட்டதே இல்லை. எடுத்துக் கொடுக்க உள்ளே என்ன இருக்கிறது? அந்தக் குழந்தை இத்தனை நாளாக என்னென்ன சொல்லியிருக்கும், எல்லாவற்றுக்கும் சமத்து சமத்து என்று சொல்லி வைத்திருக்கிறாளே.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஊசியின் அறைக்குப் போனாள்.

“அந்த மூணாம் பக்கத்தைப் போடு. எதையும் அடைக்காத. மணி வர்ற இடத்துல நீ விரலைத் தூக்கு.”

அவன் எதிரே உட்கார்ந்து தூக்கினான். அவளுக்குக் குரலும் டிரம்மும் மட்டும் கேட்டன. அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நினைத்ததைவிட நிறைய மணி இருந்தது. பக்கம் முடிந்ததும் “இன்னொரு தடவை” என்றாள். அது முடிந்ததும் “இன்னொரு தடவை.” ஊசிக்கு வேலை கிடந்தது. ஆனாலும் முள்ளைத் திரும்பத் திரும்ப ஆரம்பத்தில் வைத்தான்.

ஒரு கட்டத்தில் அவன் விரல் அசைவதற்கு முன்னாலேயே அவளுடைய விரல் எழுந்தது. அடுத்த மணிக்கும் எழுந்தது. அதற்கடுத்ததற்கும்.

“கேக்குதாக்கா?” என்றான் ஊசி ஆசையாக.

“எங்க வரும்னு தெரியுது” என்றாள்.