முதல்ல நீங்க ஊதுங்க

ஊரார் மூச்சை அளக்கும் உத்தியோகத்தில், முதலில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குவது அளக்கப் போகிறவருக்குத்தான்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று, பீடி சுற்றும் பெண்களின் நுரையீரலை ஆராய வந்தது. அலுவலகம் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில். முக்கூடலில் வீடு வீடாகப் போய்ச் சம்மதம் வாங்கி, ஒரு பிளாஸ்டிக் குழாயில் ஊதச் சொல்லி, முள் நிற்கும் எண்ணைக் குறித்துக்கொள்வது என் வேலை. எதற்காகவாவது அடுத்தவர் வாசலில் நின்று பல்லைக் காட்டியவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

சம்மதம்

படிவத்தை வரி விடாமல் வாசித்துக்காட்ட வேண்டும் என்பது உத்தரவு. மறுக்க உரிமை உண்டு, பாதியில் விலக உரிமை உண்டு, காரணம் சொல்லாமலிருக்கவும் உரிமை உண்டு. நான் போன முதல் வீட்டு மைமூன் அக்கா மடியிலிருந்த பீடித்தட்டை இறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். வாசிக்க வாசிக்க அவர் முகத்தில் சந்தேகம் ஏறியது. கடைசியில் வெயிலில் வந்த பிள்ளை என்று இரக்கப்பட்டுக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுச் சொன்னார்: "வேண்டாம்னு சொல்லலாம், வேண்டாம்னு சொல்லலாம்னு இத்தனை தடவ சொல்லுதியே கோமதி, அப்ப இதுல என்னமோ இருக்கு."

சோப்பு

பங்கெடுப்பவர்களுக்கு ஆசை காட்டக் கூடாது. ஒரு சோப்புக் கட்டி கொடுக்கலாமா என்று கடலுக்கு அப்பால் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டது. வாசனை சோப்பு என்றால் ஆசை காட்டுவது, துணி சோப்பு என்றால் நன்றி சொல்வது என்று தீர்ப்பு வந்தது. இதை அக்காவிடம் விளக்கித் தொலைத்தேன். அவர் துணி சோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்: "ஒரு சோப்புக்கு நெஞ்சாங்கூட்டத் தூக்கிக் குடுத்துருவோம்னு நெனச்சிட்டாவளா?"

ரகசியம்

கேள்விகளைத் தனி அறையில், யார் காதிலும் விழாமல் கேட்க வேண்டும். அக்காவை உள்ளே அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினேன். கதவைச் சாத்தினால் தெருவே கூடும் என்பது அந்தக் குழுவுக்குத் தெரியாது. அக்காவின் மகளுக்கு மாப்பிள்ளை விஷயமாக வந்திருக்கிறேன் என்று அதற்குள் பேச்சு. இருமல் உண்டா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றார். ஜன்னலுக்கு வெளியே இருந்து பக்கத்து வீட்டு சபுராவின் குரல் வந்தது: "பொய் சொல்லுதா. ராத்திரி பூரா இருமி எங்களத் தூங்க விடமாட்டேங்கா."

அந்த ஒரு கேள்வி

அன்றே குழாயில் ஊதவும் வைத்தேன். முள்ளை என் பக்கம் திருப்பி எண்ணைக் குறித்துக்கொண்டேன். அக்கா கேட்டது ஒன்றுதான்: தன் நெஞ்சு நல்லா இருக்கிறதா, இல்லையா. அவருடைய மூத்த சகோதரியும் பீடி சுற்றியவர். இப்படித்தான் இருமிக்கொண்டிருந்தார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது காலம் கடந்திருந்தது.

தனித்தனியாக முடிவு சொல்வதில்லை, ஐந்து வருஷம் கழித்துப் புத்தகத்தில் வரும் என்று பாடம் ஒப்பித்தேன். எண் குறைவு என்று எனக்குத் தெரியும். வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு எப்போது போனாலும் அக்கா அதையேதான் கேட்டார்: "எம் மூச்சு புஸ்தகத்துக்கு வேணும், எனக்கு வேண்டாமாக்கும்?"

ஊதல்

சம்மதம் ஒழுங்காக வாங்குகிறோமா என்று பார்க்கத் தலைமை ஆராய்ச்சியாளர் டாக்டர் ஹன்னாவே வந்தார். நல்ல மனுஷி. தரையில் உட்கார்ந்து இரண்டு டம்ளர் டீ குடித்தார். மறுபடி ஊத நான் நீட்டிய குழாயை வாங்கி வைத்துக்கொண்டு அக்கா, முதல்ல நீங்க ஊதுங்க என்றார். நான் மொழிபெயர்த்தேன். டாக்டர் சந்தோஷமாகச் சம்மதித்தார். அக்கா விடவில்லை. மறுக்க உரிமை உண்டு, விலக உரிமை உண்டு என்று படிவம் முழுவதையும் மனப்பாடமாக ஒப்பித்த பிறகுதான் குழாயைக் கொடுத்தார்.

டாக்டர் கன்னம் உப்ப ஊதினார். அக்கா குழாயை வாங்கி முள்ளைப் பார்த்து 'ச்சு' கொட்டினார். வேடிக்கை பார்க்க வந்திருந்த சபுராவிடம் காட்டினார். சபுரா நெஞ்சில் கை வைத்தாள். குழாய் பீடித்தட்டுக்கு அடியில் போனது.

எவ்வளவு என்று டாக்டர் சிரித்துக்கொண்டே கேட்டார். அப்புறம் சிரிக்காமல் கேட்டார். அப்புறம் கையை நீட்டினார். மைமூன் அக்கா ஒரு பீடியைச் சுற்றி முடித்துவிட்டுப் பதில் சொன்னார்: "தனித்தனியா சொல்லக் கூடாதுல்லா டாக்டரம்மா, அஞ்சு வருசம் கழிச்சுப் புஸ்தகத்துல வரும்."

டாக்டர் ஊருக்குப் போய் விதியை மாற்றவைத்ததில் அடுத்த மாதமே எல்லோருக்கும் முடிவு கைக்கு வந்து, மைமூன் அக்கா வேளை தவறாமல் மருந்து எடுத்து இருமல் தணிந்து உட்கார்ந்திருக்கிறார். டாக்டர் ஹன்னா மட்டும் தம் எண்ணுக்காக இன்னும் எனக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறார்.